வாளும் பாய்மரமும் – 9: மன்னிப்புக்குப் பின் என்ன கதை?

ஜமைக்காவின் ஆளுநர் கர்னல் பிஷப் தன் மாளிகைக்குள் நுழைகிறார். கடற்கொள்ளைக்காரன் பீட்டர் பிளட்டைப் பிடித்துத் தூக்கில் போடவேண்டும் என்று கடலெல்லாம் தேடி அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர். தீவைக் காவல் இல்லாமல் விட்டுப்போன குற்றத்துக்காக அவர் பதவி பறிபோயிருக்கிறது. புதிய ஆளுநர் முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே அவர் வளர்த்த பெண் அரபெல்லா, புதியவரிடம் அவருக்காகக் கெஞ்சுவதுபோல் நடிக்கிறாள். ஆளுநர் திரும்பிப் பார்க்கிறார். அது பிளட். பிஷப் ஒரு காலத்தில் சாட்டையால் விளாசிய அதே அடிமை. இப்போது அரபெல்லாவைக் கைப்பிடிக்கப்போகிறவன் என்ற உரிமையோடு அவரை உறவுமுறை சொல்லி வரவேற்கிறான்.

1935 டிசம்பரில் வெளியான ‘கேப்டன் பிளட்’ படம் இப்படி முடிகிறது. அநியாயம் நடந்தது, அது சரிசெய்யப்பட்டது, பெண் கிடைத்தாள், பதவி கிடைத்தது, பகைவன் தலைகுனிந்தான். ஒரு முடிச்சுகூட அவிழாமல் இல்லை. பார்த்தவர்கள் நிறைவோடு வீட்டுக்குப் போனார்கள். போனவர்கள் இன்னொரு முறை வந்தார்கள். இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். கடற்கொள்ளைப் படங்களின் நீண்ட சிக்கல் இங்கே தொடங்குகிறது. மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு கரையேறிவிட்ட ஒருவனை மறுபடியும் எப்படிக் கடலுக்கு அனுப்புவது? இந்த இதழில் அந்தக் கேள்வியின் பின்னாலேயே போவோம்.

முதலில் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். எழுதியவர் ரஃபேல் சபாட்டினி. இத்தாலியில் 1875-ல் பிறந்தவர். அப்பா இத்தாலியர், அம்மா ஆங்கிலேயப் பெண், இருவரும் ஓபராப் பாடகர்கள். பல மொழிகள் பேசி வளர்ந்த சபாட்டினி எழுதுவதற்கு ஆங்கிலத்தைத் தேர்ந்துகொண்டார். பத்திரிகைக் கதைகளாக வந்தவற்றைக் கோத்து 1922-ல் ‘கேப்டன் பிளட்’ நாவலாக்கினார். அதன் முதல் பாதி வெறும் கற்பனை இல்லை. 1685-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராக மான்மத் பிரபு கிளர்ச்சி செய்தார். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. நீதிபதி ஜெஃப்ரீஸ் ஊர் ஊராகப் போய் விசாரித்து நூற்றுக்கணக்கானோரைத் தூக்குக்கு அனுப்பினார், இன்னும் நூற்றுக்கணக்கானோரை மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களுக்கு விற்கச் சொன்னார். அப்படி பார்பேடோஸுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களில் ஒருவர் ஹென்றி பிட்மன். அவர் ஓர் அறுவை மருத்துவர். அவர் செய்ததெல்லாம் காயம்பட்ட கிளர்ச்சிக்காரர்களுக்குக் கட்டுப்போட்டதுதான். 1687-ல் சில கூட்டாளிகளோடு ஒரு சின்னப் படகில் தப்பி, ஆளில்லாத தீவொன்றில் ஒதுங்கி, கடற்கொள்ளையர்களைச் சந்தித்து, கடைசியில் ஊர் திரும்பி, 1689-ல் தன் அனுபவத்தை அச்சிட்டார். சபாட்டினியின் பீட்டர் பிளட், பிட்மனின் மறுபிறவி. கொள்ளைக்காரனாக இருந்து ஆளுநராகும் பிற்பாதிக்கு ஹென்றி மோர்கன் இருக்கிறார். 1671-ல் பனாமா நகரைச் சூறையாடி, அதற்காகக் கைதாகி, பிறகு 1674-ல் அரசரிடம் சர் பட்டம் வாங்கி, ஜமைக்காவின் துணை ஆளுநராகவே போய் இறங்கியவர் அவர்.

இரண்டு உண்மை மனிதர்களை ஒட்டுப்போட்டு ஒரு நாயகனைச் செய்ததில்தான் சபாட்டினியின் திறமை இருக்கிறது. மோர்கனை மட்டும் எடுத்திருந்தால் அவன் பேராசைக்காரன். பிட்மனை மட்டும் எடுத்திருந்தால் பாவப்பட்டவன். இருவரையும் சேர்த்ததால், கொள்ளையடிப்பவன் மேல் நமக்கு ஒரு குறையும் வராமல் போகிறது. அரசு அவனைக் கடலுக்குத் துரத்தியது, அவனாகப் போகவில்லை. ஒரு வைத்தியன் தன் தர்மத்தைச் செய்ததற்காக அடிமையானான் என்று தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு அவன் எத்தனை கப்பலைப் பிடித்தாலும் பார்ப்பவர் மனசு அவன் பக்கம்தான்.

வார்னர் பிரதர்ஸ் இதை எடுக்க முனைந்தபோது நாயகனாக நினைத்தது ராபர்ட் டோனட்டை. முந்தைய ஆண்டு ‘மான்டே கிறிஸ்டோ’ படத்தில் பேர்வாங்கிய பிரிட்டிஷ் நடிகர். அவர் வரவில்லை. அந்த இடத்தில் வந்து நின்றவர் டாஸ்மேனியாவின் ஹோபர்ட்டில் பிறந்த, யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத எரால் ஃபிளின். ஆஸ்திரேலியாவில் ஒரு படத்தில் தலைகாட்டியவர். அவரோடு சேர்ந்து நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டுக்கு வயது பத்தொன்பது. இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸ் ஹங்கேரிக்காரர், கோபக்காரர். இசையமைத்த எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட் வியன்னாவின் ஓபரா மேதை. மூன்று வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலான இசையை எழுதித்தள்ள வேண்டியிருந்தது. நேரம் போதாமல் சண்டைக் காட்சியின் ஒரு பகுதிக்கு இசைமேதை லிஸ்டின் இசையைப் பயன்படுத்தினார். அதனால் பெயர்ப் பட்டியலில் இசை என்று தன் பெயரைப் போடக்கூடாது, இசை ஒழுங்கமைப்பு என்றுதான் போட வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். அப்படி ஒரு நேர்மையை நான் மதிக்கிறேன். அந்தப் பட்டியலைத் தாண்டி, கடல் படம் என்றால் எக்காளமும் வயலின்களும் இப்படித்தான் எழ வேண்டும் என்று உலகத்துக்கே பழக்கிவிட்டது அந்த இசை.

கப்பல்கள் பெரும்பாலும் மாதிரிகள். சில போர்க்காட்சிகள் பழைய ஊமைப்படங்களிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியவை. ஆனால் கடற்கரையில் நடக்கும் வாள் சண்டையில் எந்த ஒட்டும் இல்லை. பிரெஞ்சுக் கொள்ளைத் தலைவன் லெவாசியராக பேசில் ராத்போன். ஏலத்தில் அரபெல்லாவை யார் எடுப்பது என்பதில் தொடங்கும் தகராறு வாளில் போய் நிற்கிறது. பாறை, மணல், நுரை. ராத்போன் உண்மையிலேயே வாள் பயின்றவர், ஃபிளினைவிடக் கைதேர்ந்தவர். ஆனாலும் திரையில் பெரும்பாலும் தோற்க வேண்டியவர். சண்டையை அமைத்தவர் பெல்ஜியத்திலிருந்து வந்த ஃபிரெட் கேவன்ஸ். வாள் முனை எங்கே போகிறது என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கும் தெரிய வேண்டும், அதே நேரம் உண்மையான வாள்வீச்சின் விதிகளையும் மீறக்கூடாது என்பது அவர் கொள்கை. இரண்டு பேரும் மூச்சிரைப்பது நமக்குக் கேட்கிறது. குத்துப்பட்டு விழுந்த லெவாசியரின் முகத்தின் மேல் ஓர் அலை வந்து ஏறி, வடிகிறது. பின்னால் வந்த நூறு படங்களில் பீரங்கியும் வெடிமருந்தும் கூடின. இந்த ஓர் அலைக்கு ஈடாக எதுவும் வரவில்லை என்பது என் எண்ணம்.

ஆனாலும் படத்தின் உயிர் இந்தச் சண்டையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அது ஒரு வாசிப்பில் இருக்கிறது. ஸ்பானியக் கப்பலைக் கைப்பற்றிய அடிமைகள் தளத்தில் கூடியிருக்கிறார்கள். பிளட் ஒப்பந்தத்தை வாசிக்கச் செய்கிறான். கிடைக்கும் பொருள் எல்லாம் பொதுவில் சேரும், பிறகு பங்கு. மறைத்தவனை ஆளில்லாத தீவில் இறக்கிவிடுவார்கள். பிடிபட்ட பெண்ணைத் தொட்டவனுக்கும் அதே தண்டனை. வலக்கை போனால் இவ்வளவு, இடக்கை போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு என்று இழப்பீடு. நேற்றுவரை முதுகில் சாட்டை வாங்கியவர்கள் ஒவ்வொருவராகச் சம்மதம் சொல்கிறார்கள். 1935-ல் அமெரிக்காவில் வேலையிழந்து, விபத்தில் கையை இழந்தால் என்ன கிடைக்கும் என்ற நிச்சயமில்லாத ஆலைத் தொழிலாளி இந்தக் காட்சியை என்ன மனநிலையில் பார்த்திருப்பான்? பெருமந்தத்தின் நடுவில், திரையில் ஒரு கப்பல் அவனுக்கு ஈட்டுறுதி தருகிறது, வாக்குரிமை தருகிறது. கொள்ளைக்காரப் படங்களின் கவர்ச்சி எது என்று கேட்டால் என் விரல் இந்தக் காட்சியைத்தான் தொடும். புதையல் அதற்கு அப்புறம்தான்.

இந்த ஒப்பந்தமும் கற்பனை இல்லை. கொள்ளையரோடு கப்பலில் போய்வந்த எக்ஸ்குமெலின் 1678-ல் டச்சு மொழியில் வெளியிட்ட நூலில் கணக்கு இருக்கிறது. வலக்கைக்கு 600 ஸ்பானிய வெள்ளி, இடக்கைக்கு 500, வலக்காலுக்கு 500, இடக்காலுக்கு 400, ஒரு கண்ணுக்கு 100. கொள்ளைத் தலைவன் பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் முக்கியமான எந்த முடிவிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்று விதி இருந்ததை 1724-ல் லண்டனில் வெளியான கடற்கொள்ளையர் வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. அரசக் கடற்படையில் மேலதிகாரி முன் வாய் திறக்க முடியாத காலத்தில், அதே மாலுமி கொள்ளைக்கப்பலில் தலைவனையே வாக்குப்போட்டு இறக்க முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. எக்ஸ்குமெலின் கணக்கில் வலக்கைக்கு 600 வெள்ளி அல்லது ஆறு அடிமைகள் என்று இருக்கிறது. அந்த இரண்டாம் பாதியைப் படம் விட்டுவிட்டது. ஜமைக்காவின் தோட்டங்களில் ரத்தம் சிந்தியவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆப்பிரிக்கர்கள். ‘கேப்டன் பிளட்’ காட்டும் அடிமைகளோ வெள்ளையர்கள். விடுதலைக்காக இவ்வளவு உருக்கமாகப் பேசும் ஒரு படம், விடுதலை மிகவும் தேவைப்பட்டவர்களைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறியது. அந்தக் குறை அந்தப் படத்தோடு நிற்கவுமில்லை. இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் அது ஒரு நிழலாகத் தொடர்கிறது. கரீபியன் கடல் என்றால் நீலமும் தென்னையும் என்றே நாம் பழகிவிட்டோம். கரும்புத் தோட்டம் எங்கே என்று கேட்பதில்லை.

‘கேப்டன் பிளட்’ படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. சிறந்த படம் என்ற விருதை அந்த ஆண்டு வாங்கியதும் ஒரு கப்பல் கலகக் கதைதான், ‘மியூட்டினி ஆன் த பவுண்டி’. எரால் ஃபிளின் ஒரே படத்தில் நட்சத்திரமானார். 1940-ல் அதே கர்ட்டிஸ், அதே கோர்ன்கோல்ட், அதே ஃபிளின் சேர்ந்து ‘தி சீ ஹாக்’ எடுத்தார்கள். இம்முறை ஸ்டூடியோவுக்குள்ளேயே தண்ணீர் நிரப்பி முழு அளவுக் கப்பல்களை நிறுத்தினார்கள். உலகத்தையே தன் வரைபடமாகப் பார்க்கும் ஸ்பானிய மன்னரைத் திரையில் பார்த்தவர்கள் ஹிட்லரை நினைத்துக்கொண்டார்கள். அது பெரிய படம். ஆனால் அது தொடர்ச்சி இல்லை. வேறு நாயகன், வேறு நூற்றாண்டு. பிளட் ஆளுநர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவரை எழுப்பப் பலர் முயன்றார்கள். முதலில் முயன்றவர் சபாட்டினியேதான். 1931-லும் 1936-லும் மேலும் இரண்டு பிளட் நூல்கள் எழுதினார். ஆனால் கதையை முன்னே கொண்டுபோகவில்லை. நாவலின் நடுப்பகுதியில், பிளட் இன்னும் கொள்ளைக்காரனாக இருக்கும் ஆண்டுகளுக்குள்ளேயே புதிய சாகசங்களைச் செருகினார். மன்னிப்புக்குப் பிறகு சொல்ல எதுவுமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு சினிமாக்காரர்களுக்கு இல்லை. கொலம்பியா ஸ்டூடியோ 1950-ல் லூயி ஹேவர்டை வைத்து ஒரு பிளட் படம் எடுத்தது. 1952-ல் அதற்குத் தொடர்ச்சியாக ‘கேப்டன் பைரேட்’. அதில் மன்னிப்புப் பெற்று நிம்மதியாக வாழும் பிளட் மேல் பொய்க் கொள்ளைப்பழி விழுகிறது. பழியைத் துடைக்க மீண்டும் கடலேறுகிறான். வாங்கிய மன்னிப்பைக் கிழித்தால்தான் இரண்டாம் பாகம் ஓடும் என்ற சூத்திரம் இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

பிறகு வந்தது மகன். எரால் ஃபிளின் 1959-ல் ஐம்பது வயதில் இறந்துபோனார். அவர் மகன் ஷான் ஃபிளினுக்கு அப்போது பதினெட்டு. அப்பாவின் முகவெட்டு அப்படியே இருந்தது. 1962-ல் ஸ்பெயினில் படமாகி வந்த ‘தி சன் ஆஃப் கேப்டன் பிளட்’ படத்தில் அவனே நாயகன். கதையில் அப்பா பிளட் இறந்துவிட்டார். விதவைத் தாய் அரபெல்லா மகனைக் கடலுக்கு விடமாட்டேன் என்கிறாள், மகன் போகிறான். உண்மையான மகன், திரையில் மகன், இறந்த தந்தையின் பாத்திரம் இறந்ததாகவே கதையிலும். விளம்பரத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. படம் நிற்கவில்லை. அந்தப் பையனுக்குத் தனக்கென்று ஓர் அநியாயம் நேர்ந்திருக்கவில்லை. அப்பாவின் பகைவர்கள்தான் அவனுக்கு மிச்சம். ஷானுக்கு நடிப்பில் மனசும் ஒட்டவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வியட்நாம் போனார், துணிச்சலான போர்ப் புகைப்படக்காரராகப் பேர் எடுத்தார். 1970 ஏப்ரலில் கம்போடியாவில், சக புகைப்படக்காரரோடு மோட்டார் சைக்கிளில் போனபோது பிடிபட்டார். அதன் பிறகு அவரைப் பற்றி உறுதியான செய்தி இல்லை. அவர் தாய், நடிகை லிலி டமிட்டா, ஆண்டுக்கணக்கில் தேடிப்பார்த்தார். 1984-ல் ஷான் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

கரையேறியவன் மறுபடியும் கடலுக்குப் போவது சினிமாவின் வசதிக்காக மட்டும் வந்த கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். 1717 செப்டம்பரில் மன்னர் முதலாம் ஜார்ஜ், குறிப்பிட்ட நாளுக்குள் சரணடையும் கடற்கொள்ளையருக்கெல்லாம் மன்னிப்பு என்று அறிவித்தார். அடுத்த கோடையில் வூட்ஸ் ராஜர்ஸ் ஆளுநராக, கொள்ளையரின் புகலிடமான நசாவில் வந்து இறங்கினார். நூற்றுக்கணக்கானோர் மன்னிப்பை வாங்கிக்கொண்டார்கள். பெஞ்சமின் ஹார்னிகோல்ட் என்ற பழைய தலைவர் வாங்கியதோடு நிற்காமல் கொள்ளையரைப் பிடிக்கும் வேலையிலேயே சேர்ந்தார். கருந்தாடி எட்வர்ட் டீச் 1718-ல் வட கரோலினா ஆளுநரிடம் மன்னிப்பு வாங்கினார். சில வாரங்களில் பழைய தொழிலுக்குத் திரும்பினார். அதே ஆண்டு நவம்பர் 22-ல் ஒக்ரகோக் தீவருகே கொல்லப்பட்டார். ஸ்டீட் போனட்டும் அப்படியே வாங்கி, அப்படியே திரும்பி, டிசம்பரில் சார்லஸ்டனில் தூக்கில் தொங்கினார். திரும்பிப் போனவர்களின் உண்மைக் கதை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஒருவன் நிற்கிறான். அவனுக்கு மன்னிப்பே தேவைப்படவில்லை. லாங் ஜான் சில்வர். ஸ்டீவன்சன் 1883-ல் நூலாக வெளியிட்ட ‘ட்ரெஷர் ஐலண்ட்’ கதையின் ஒற்றைக்கால் சமையல்காரன். கடைசியில் அவன் ஆளுநர் ஆவதில்லை, தூக்கிலும் தொங்குவதில்லை. ஊர் திரும்பும் வழியில் ஒரு துறைமுகத்தில் ஒரு பை நாணயத்தோடு நழுவிவிடுகிறான். கதவைச் சாத்தாமல் போனவன். வால்ட் டிஸ்னி தன் முதல் முழுநீள உயிர்நடிப்புப் படமாக 1950-ல் இதைத்தான் எடுத்தார். சில்வராக நடித்த ராபர்ட் நியூட்டன் இங்கிலாந்தின் டார்செட்டில் பிறந்தவர். அந்த மேற்கத்திய மாவட்டத்து நாட்டுப்புற உச்சரிப்பைப் பெரிதாக்கி, கண்ணை உருட்டி, ஒவ்வொரு சொல்லையும் தொண்டையில் உரசி அவர் பேசியதுதான் இன்றுவரை உலகமெங்கும் குழந்தைகள் கடற்கொள்ளைக்காரன் வேஷம் கட்டும்போது பேசும் பேச்சு. 1954-ல் அவரை வைத்தே ஆஸ்திரேலியாவில் சில்வரின் அடுத்த கதையை எடுத்தார்கள், தொலைக்காட்சித் தொடரும் வந்தது. சுலபமாக எடுக்க முடிந்தது. கிழிக்க வேண்டிய கடிதம் எதுவும் அவனிடம் இல்லையே.

ஆக இந்தப் படங்களில் இரண்டு வம்சம் ஓடுகிறது. பிளட் வம்சம், சில்வர் வம்சம். முதலாவது அநியாயத்தில் தொடங்கி நியாயத்தில் முடியும். ஒரு படத்தோடு தீர்ந்துபோகும். இரண்டாவது எங்கும் தொடங்காது, எங்கும் முடியாது. எத்தனை பாகம் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் நெஞ்சில் அவ்வளவாகத் தைக்காது.

பிளட் வம்சத்தின் ஒரு கிளை தமிழுக்கு வந்தது. அந்தக் கிளையைப் பற்றி ஹாலிவுட் வரலாறுகள் பேசுவதில்லை, ஆகவே நான் பேசியாக வேண்டும். 1965 ஜூலையில் வெளியான பி.ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’. எம்.ஜி.ஆர். நடித்த மணிமாறன் ஒரு வைத்தியன். நெய்தல் நாட்டுச் சர்வாதிகாரியை எதிர்த்தவர்களுக்கு மருந்திட்டதால் குற்றவாளி ஆகிறான். கன்னித் தீவுக்கு அடிமையாக விற்கப்படுகிறான். அங்கிருந்து கடற்கொள்ளையர் கப்பலுக்கு. சபாட்டினியின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. சதை வேறு. பந்துலு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தவர். ஆங்கிலேயக் கப்பல் கம்பெனிக்கு எதிராக வ.உ.சி. கப்பல் விட்ட கதையைத் திரையில் சொன்னவர். அதற்கும் முன்னால் கட்டபொம்மனை எடுத்தவர். அவர் கைக்கு வந்த அடிமைக் கதையில் விடுதலை என்ற சொல்லுக்கு வேறொரு எடை கிடைத்தது. லண்டனில் அரசர் மாறினால் எல்லாம் சரியாகும் என்ற பிளட் கதையின் நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

சிவாஜியை வைத்தே பெரிய படங்கள் எடுத்துவந்த பந்துலு எம்.ஜி.ஆரோடு சேர்ந்த முதல் படம் அது. ஜெயலலிதா எம்.ஜி.ஆரோடு சேர்ந்த முதல் படமும் அதுதான். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணைந்து இசையமைத்த காலம் அதோடு முடிந்தது. கப்பல் தளத்தில் அடிமைகள் கூட்டமாகப் பாடும் விடுதலைப் பாட்டை இன்றைக்கும் அறியாத தமிழ் வீடு குறைவு. பிளட் படத்தில் ஒப்பந்தம் வாசிக்கும் காட்சி செய்த வேலையை இங்கே அந்தப் பாட்டு செய்கிறது என்று எனக்குத் தோன்றும். நம்பியாரும் எம்.ஜி.ஆரும் வாளோடு மோதும்போது, ராத்போனும் ஃபிளினும் போலவே, யார் ஜெயிப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும்; எப்படி ஜெயிப்பார் என்பதற்காகத்தான் கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு இரண்டாம் பாகம் யாரும் எடுக்கவில்லை. 2014-ல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது ஜனம் அதே படத்துக்கே திரண்டு வந்தது. தொடர்ச்சியைவிட மறுபடியும் பார்ப்பது மேல் என்று ரசிகர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஹாலிவுட்டில் எழுபது, எண்பதுகளில் இந்த வகை படுத்துவிட்டது. 1986-ல் ரோமன் போலன்ஸ்கி பெரிய கப்பலொன்றைக் கட்டி எடுத்த ‘பைரேட்ஸ்’ விழுந்தது. 1995-ல் ஜீனா டேவிஸைத் தலைவியாக வைத்து ரென்னி ஹார்லின் எடுத்த ‘கட்த்ரோட் ஐலண்ட்’ விழுந்த வேகத்தில் கின்னஸ் புத்தகத்தில் நஷ்டச் சாதனையாக ஏறியது. அதைத் தயாரித்த கரோல்கோ, படம் வெளியாகும் முன்பே திவால் மனு கொடுத்திருந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் கடற்கொள்ளைக் கதையோடு போனவர்களுக்கு ஸ்டூடியோக்களில் கதவு திறக்கவில்லை.

திறந்தது டிஸ்னி. அதுவும் ஒரு கேளிக்கைப் பூங்காச் சவாரியை நம்பி. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்தப் படகுச் சவாரி, வால்ட் டிஸ்னி இறப்பதற்கு முன் தன் கண்பார்வையில் உருவாக்கிய கடைசிச் சவாரிகளில் ஒன்று. அதன் பெயரில் 2003 ஜூலையில் கோர் வெர்பின்ஸ்கி இயக்கிய ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ முதல் பாகம் வந்தது. ஜானி டெப்பின் ஜாக் ஸ்பாரோ முதன்முதலாகத் தோன்றும் விதத்தைப் பாருங்கள். பாய்மர உச்சியில் ஒருவன் கம்பீரமாக நிற்கிறான், கோர்ன்கோல்ட் வழிவந்ததுபோன்ற இசை முழங்குகிறது. கேமரா இறங்கினால் அது ஒரு சின்னப் படகு, உள்ளே தண்ணீர். வழியில் தூக்கில் தொங்கும் கொள்ளையரின் எலும்புக்கூடுகளுக்குத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்கிறான். துறைமுகத்தை அடையும்போது படகு முழுதும் மூழ்கி, பாய்மரத்தின் உச்சி மட்டும் மிச்சம். அதிலிருந்து பலகை மேல் ஓர் அடி வைத்து இறங்குகிறான். படகு நிறுத்தக் கட்டணம் கேட்டவரிடம் கூடுதல் காசு கொடுத்துப் பெயரை மறைக்கிறான். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், ஊமைப்பட நாயகன் ஃபேர்பேங்க்ஸிலிருந்து நியூட்டன் வரை எண்பது ஆண்டு கால மரபு அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

எழுதிய டெட் எலியட்டும் டெரி ரோசியோவும் செய்த பெரிய காரியம், இரண்டு வம்சத்தையும் ஒரே கப்பலில் ஏற்றியது. ஸ்பாரோ சில்வரின் வாரிசு. கொல்லன் வில் டர்னர் பிளட்டின் வாரிசு. நேர்மையானவன், காதலிப்பவன், சட்டத்தால் விரட்டப்படுபவன். படம் முடியும்போது வில்லுக்கு மன்னிப்பும் காதலி எலிசபெத்தும் கிடைக்கிறார்கள். ஸ்பாரோவுக்குக் கிடைப்பது ஒரு நாள் அவகாசம், ஓடிப்போக. வாள் பயிற்சி தந்தவர்களில் பாப் ஆண்டர்சன் இருந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள் பிடித்தவர்; அதை அடுத்த ஆண்டு வந்த படமொன்றில் எரால் ஃபிளினோடு மோதியவர். ஃபிளின் கை தொட்ட வாள்வீச்சு ஒரே ஒரு ஆள் வழியாக டெப்பின் தலைமுறைக்கு வந்து சேர்ந்தது.

2006-ல் வந்த இரண்டாம் பாகம் எப்படித் தொடங்குகிறது? வில்லுக்கும் எலிசபெத்துக்கும் கல்யாண நாள். மழை. மணப்பெண் நனைந்துகொண்டு நிற்கிறாள், மாப்பிள்ளையை விலங்கிட்டுக் கொண்டுவருகிறார்கள். கிழக்கிந்திய வணிகக் கம்பெனியின் பெக்கட் பிரபு கைது ஆணையோடு வந்திருக்கிறார். மன்னிப்பு கிழிந்தது. 1952-ல் கொலம்பியா பிடித்த அதே சூத்திரம்தான். ஆனால் இங்கே கிழித்த கைக்கு ஒரு முகம் இருக்கிறது. அரசையும் சட்டத்தையும் தன் கணக்குப் புத்தகத்துக்குள் அடக்கிய கம்பெனி அது. அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டால் நமக்கு எழும் கசப்பு உலகில் வேறு யாருக்கும் அவ்வளவு எளிதில் எழாது. ஸ்பாரோவை விலைக்கு வாங்கப் பெக்கட் நீட்டுவதும் அரசு அனுமதிக் கடிதம்தான். அவன் விலைபோகவில்லை. படம் உலகெங்கும் நூறு கோடி டாலரைத் தாண்டியது. 2007-ல் மூன்றாம் பாகத்தில் ஒன்பது கொள்ளைத் தலைவர்கள் கூடி வாக்குப்போட்டு எலிசபெத்தை அரசியாக்குகிறார்கள். ராபர்ட்ஸ் கப்பலின் வாக்கு அங்கே திரும்ப வருகிறது. வில்லுக்கு நேர்வதோ பிளட்டுக்கு நேர்ந்ததன் தலைகீழ். பேய்க்கப்பலின் தலைவனாகிறான், பத்தாண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள் கரையில் கால்வைக்கலாம். நீளமான, குழப்பமான படம்தான். ஆனாலும் மன்னிப்புக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு எழுபது ஆண்டில் கிடைத்த மிகத் துணிச்சலான பதில் அதில் இருக்கிறது என்பேன்.

அதோடு நின்றிருக்கலாம். 2011-ல் நான்காவது வந்தது, வில்லும் எலிசபெத்தும் இல்லாமல். ஸ்பாரோ தனியாக. அதுவும் நூறு கோடி டாலரைத் தாண்டியது; இருந்தும், யாருக்காகவும் எதற்காகவும் அஞ்ச வேண்டிய அவசியம் அந்தப் படத்தில் எனக்கு வரவில்லை. பிளட்டின் ரத்தம் இல்லாத கப்பலில் சில்வரின் சேட்டை மட்டும் மிஞ்சியது. எடுத்தவர்களும் அதை உணர்ந்திருக்க வேண்டும். 2017-ல் வந்த ஐந்தாவது படத்தின் முதல் காட்சியில் ஒரு சிறுவன் கடலுக்கடியில் போகிறான், தன் தந்தையைத் தேடி. ஹென்றி டர்னர், வில்லின் மகன். கேப்டன் பிளட்டின் மகனை 1962-ல் அனுப்பிய அதே கடலுக்கு இன்னொரு மகனை அனுப்பினார்கள். இந்தப் பையன் வாள் சுழற்றும் பேர் தேடிப் போகவில்லை. அப்பாவைக் கரைக்குக் கொண்டுவரப் போகிறான், கொண்டும் வருகிறான். வசூல் குறைந்தது, விமர்சகர்கள் கைவிட்டார்கள். ஆனாலும் ஒரு மகன் தந்தையைக் கரைசேர்த்த அந்த ஒரு காரணத்துக்காக நான் அந்தப் படத்தை மதிக்கிறேன்.

இதுவரை வந்ததெல்லாம் தந்தை, மகன், வாரிசு என்று ஆண்களின் கணக்கு. 1720-ல் ஜமைக்கா நீதிமன்றத்தில் ஆன் போனி, மேரி ரீட் என்ற இரண்டு பெண்கள் கொள்ளைக் குற்றத்துக்காக நின்றார்கள். சினிமா அவர்களை எப்படிப் பார்த்தது, 1951-ல் ழாக் டூர்னர் எடுத்த ‘ஆன் ஆஃப் தி இண்டீஸ்’ ஏன் தனித்து நிற்கிறது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)